ஒரு துளிகூட விழாது

சென்ற செவ்வாய்க்கிழமை, நான் சொல்லியிருந்த வானிலைக் கணிப்பு நூற்றுக்கு நூறு பலித்தது. அதை நம்பி என் மகளும் பேத்தியும் வெள்ளத்தில் போகப் பார்த்தார்கள்.

இரண்டு வாக்கியங்களும் ஒன்றோடொன்று பொருந்தவில்லையே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்... முப்பத்து நான்கு வருடங்கள். வானிலை அலுவலகத்தில் நான் வேலை பார்த்த காலம் முழுவதும். கணிப்பு சரியாக இருந்தால் ஆபத்தில்லை, தவறினால்தான் ஆபத்து. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

இருந்திருக்கிறது.

யாங்கோனில் ஜூலை மாதத்து வானிலையைக் கணிப்பது உலகத்திலேயே சுலபமான உத்தியோகங்களுள் ஒன்று. ‘மழை பெய்யும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகலாம். திரும்பி வரும்போது கால்சட்டை நனைந்திருந்தால் கணிப்பு சரி. எங்கள் கட்டடத்தின் முதல் மாடியில் குடியிருக்கும் டாக்ஸி ஓட்டுநர் முருகேசு இதை வருடா வருடம் எனக்கு ஞாபகப்படுத்துவார்.

“ஏன் சயாஜீ, ஜூலையில மழை வரும்னு சொல்றதுக்கா அந்த ஆபீஸ்ல உங்களை இத்தனை வருசம் வச்சிருந்தாங்க?”

பர்மிய மொழியில் சயாஜீ என்றால் பெரிய வாத்தியார். நான் யாருக்கும் பாடம் எடுத்ததில்லை. ஆனால் இந்த ஊரில் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு அளவாகப் பேசுகிறவனுக்கு அந்தப் பட்டம் தானாக வந்துவிடும்.

“மே மாதம் மழை எந்தத் தேதியில் தொடங்கும் என்று சொல்வதுதான் கஷ்டம், முருகேசு.”

“மே மாசம் என் கார்ல ஏசி ஓடாது. எனக்கு அதைவிடக் கஷ்டம் இல்ல, சயாஜீ.”

அவருடைய வானிலை அலுவலகம் அவர் காரின் முன்கண்ணாடியிலேயே இருக்கிறது: கடல் ஓதத்தால் ஆற்றில் ஏற்றம் எந்த நேரம், வற்றம் எந்த நேரம் என்று காட்டும் அட்டவணை. ஆற்றங்கரையை ஒட்டிய எங்கள் போட்டாதாங் பேட்டையில் குடியிருப்பவர்களுக்கு அது போதும். மழையும் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் வடிகால் தண்ணீரை ஆறு வாங்காது, தெருவிலேயே நிற்கும். முருகேசு முன்கூட்டியே காரை மேட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்து வருவார். இந்தத் தண்ணீருக்கு இங்கே யாரும் பயப்படுவதில்லை. நின்ற தண்ணீர். இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடும். என் மகள் மெர்சி பள்ளிக்கூடத்துக்குப் போனதே பாதி நாள் அந்தத் தண்ணீரில்தான், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

அவள் இப்போது இருப்பது அமெரிக்காவில், ஃபீனிக்ஸ் நகரத்தில். பாலைவனம். ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை.

பாலைவனத்துக்கு என்ன வானிலைக் கணிப்பு என்று கேட்காதீர்கள். அங்கேயும் கோடையில் பருவமழை உண்டு. அதையும் மான்சூன் என்றுதான் சொல்கிறார்கள். எங்கள் மான்சூனைப் பார்த்தவனுக்கு அந்தப் பெயர் முதலில் சற்று அதிகப்படியாகவே தோன்றியது. ஆனால் உண்மை. ஜூலை, ஆகஸ்டில் தெற்கிலிருந்து ஈரக்காற்று ஏறி வரும். பகலெல்லாம் அடுப்பாகக் கொதித்த நிலத்துக்கு மேலே, பிற்பகலில் இடிமேகம் எழும். சில நாள் புழுதி ஒரு மதில்போல ஊருக்குள் நடந்து வரும். சில நாள் மேகம் திரண்டு, இடித்து, மின்னி, மழைத் தாரைகள் தொங்குவதுகூடக் கண்ணுக்குத் தெரியும்... தரைக்கு வருவதற்குள் காற்றிலேயே காய்ந்துவிடும். கஞ்சத்தனமான வானம். எப்போது கொடுக்கும் என்று சொல்லவே முடியாது. கொடுத்தால் அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிடும்.

ஒரு வானிலைக்காரனுக்கு இதைவிடச் சுவையான ஊர் கிடைக்குமா?

எனக்குக் கிடைத்த விதத்தைச் சொல்ல வேண்டும். என் மனைவி சென்ற அக்டோபரில் காலமானார். பத்திரிகையில் நான் தொடர்ந்து எழுதிவரும் இந்தப் பத்தியில் அதைப் பற்றி நான் எழுதவில்லை. விசாரித்து எழுதிய வாசகர்களுக்கும் பதில் போடவில்லை. மன்னிக்க வேண்டும்.

அவர் இருந்தவரை மகளோடு பேசுவது அவருடைய இலாகா. முக்கால் மணி நேரம் பேசுவார்கள். கடைசியில் போன் என் கைக்கு வரும். “உடம்பு பரவாயில்லையா? சரி, வை” என்பேன். நாற்பது விநாடி. மீதி எல்லாவற்றையும் என் சார்பில் அவரே சொல்லியிருப்பார். அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது, அப்பா உன் போட்டோவை மேசை மேல் வைத்திருக்கிறார்... இப்படி. நான் அருகில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன்.

அவருக்குப் பிறகு எங்கள் இருவருக்கும் போன் மட்டும் மிஞ்சியது.

“சாப்பிட்டீங்களா அப்பா?”

“சாப்பிட்டேன். நீ?”

“இனிமேதான்.”

அதன் பிறகு இரண்டு பக்கமும் மின்விசிறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருப்போம். எங்கள் பக்கத்தில் மின்சாரம் இல்லாத நாட்களில் அதுவும் கேட்காது.

ஜூன் கடைசியில் ஒரு நாள் அவளே கேட்டாள். “அப்பா, இங்க இன்னிக்கு இடி மழைன்னு பேசிக்கிறாங்க. நிஜமா வருமா?”

“உன் போனில் போட்டிருப்பார்களே.”

“முப்பது சதவீதம்னு போட்டிருக்கு. முப்பது சதவீதத்தை வச்சுக்கிட்டு நான் துணியை வெளிய காயப்போடறதா, வேண்டாமா?”

கேள்வி நியாயமானது. பொறு என்றேன். அந்த ஊரில் விடியற்காலையில் பலூன் விட்டு எடுத்த மேல்வானக் காற்றின் விவரம் இணையத்தில் இருந்தது. ஈரம் எவ்வளவு உயரம்வரை இருக்கிறது, மேலே வெப்பக்காற்று ஒரு மூடியாக உட்கார்ந்திருக்கிறதா, அந்த மூடி பிற்பகலில் திறக்குமா... பார்த்துச் சொன்னேன்: “காயப்போடு. வராது.”

வரவில்லை. அன்று நாங்கள் பதினோரு நிமிடம் பேசினோம்.

அன்றிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. அவளுக்குக் காலை ஏழு மணி என்றால் எனக்கு இரவு எட்டரை. வேலைக்குக் கிளம்பும் முன் கூப்பிடுவாள். அன்றைய மாலையைப் பற்றி நான் தீர்ப்பு சொல்வேன். மறுநாள் காலை ஏழரைக்கு, அதாவது அவளுக்கு அதே நாள் மாலை ஆறு மணிக்கு, தீர்ப்பு சரியா என்று தெரிந்துவிடும். கடிகாரப்படி நான் அவளைவிடப் பதிமூன்றரை மணி நேரம் முன்னால் வாழ்கிறவன். இருந்தும் அவளுடைய சாயங்காலம் எனக்குத் தெரியாது. இதைச் சொன்னபோது முருகேசு ஐந்து நிமிடம் யோசித்துவிட்டு, “நீங்க அந்த ஊருக்கே வேலைக்குப் போயிருக்கலாம் சயாஜீ, இங்க வீணாப் போயிட்டீங்க” என்றார்.

அவள் ஊரின் வரைபடம் ஒன்றைப் பெரிதாக அச்சடித்து அலமாரிக் கதவில் ஒட்டினேன். வடக்கிலும் கிழக்கிலும் மலை. நடுவில் தட்டையாக ஊர். அவள் வீட்டைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம் போட்டேன். மின்சாரம் வரும் நேரம் பார்த்து எல்லாவற்றையும் சார்ஜ் போட்டு, எட்டு மணிக்கெல்லாம் தயாராக உட்கார்ந்துவிடுவேன். ஓய்வுபெற்ற பிறகு இவ்வளவு ஒழுங்காக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

திங்கள் இரவு அவள் கேட்டாள். “அப்பா, இன்னிக்குப் பாப்பாவை நான்தான் கூட்டிட்டு வரணும். வர்ற வழியில மழை இருக்குமா?”

அன்றைய விவரம் தெளிவாக இருந்தது. ஊருக்கு மேலே மூடி இறுகலாக இருந்தது. இடிமேகமெல்லாம் மலையோடு நின்றுவிடும்.

“ஒரு துளிகூட விழாது” என்றேன். கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன்.

“அப்ப குறுக்கு ரோட்டுலயே வந்துடறேன். இருபது நிமிசம் மிச்சம்.”

குறுக்கு ரோடு எது என்று நான் கேட்கவில்லை.

செவ்வாய் காலை எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். விடியற்காலையிலிருந்து மழை, ஆற்றில் ஏற்றம். நான் நான்காம் மாடிப் பால்கனியில் நின்று, ரொட்டிக்காரருக்காகப் பை கட்டிய கயிற்றைக் கீழே விட்டுக்கொண்டிருந்தேன். முருகேசு காரை மேட்டில் விட்டுவிட்டுத் தண்ணீரில் அளந்து அளந்து வந்துகொண்டிருந்தார். போன் அடித்தது. ஏழு ஐம்பது.

“அப்பா...” மெர்சியின் குரல் வேகமாக இருந்தது. “இங்க ரோட்டுல தண்ணி ஓடுது. மழையே இல்ல. நல்லா வெயிலடிக்குது. எங்கேருந்து வருதுன்னே தெரியல.”

“எங்கே நிற்கிறாய்?”

“குறுக்கு ரோட்டுல. இங்க ஒரு காஞ்ச ஓடை இருக்கும், ரோடு அதுக்குள்ள இறங்கி ஏறும். தினம் மணல்தான் கிடக்கும். இப்ப செம்மண் தண்ணியா போகுது. முழங்காலுக்குக் கீழதான் இருக்கும்பா. நம்ம தெருவுல இதைவிட அதிகம் பார்த்திருக்கேன். பின்னாடி ஒருத்தன் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருக்கான். போயிடவா?”

பின்னாலிருந்து பேத்தியின் குரலும் கேட்டது. “தாத்தா, ஆறு வந்துச்சு!”

என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். நான் ஒன்றைச் செய் என்று சொல்வதற்கு முன் மூன்று காரணமாவது சொல்வேன். ஓடுகிற தண்ணீர் வேறு, நிற்கிற தண்ணீர் வேறு. கீழே சாலை இருக்கிறதா அரித்துப்போய்விட்டதா என்று மேலிருந்து தெரியாது. முழங்கால் அளவு ஓட்டத்துக்கே ஒரு காரை நகர்த்தும் பலம் உண்டு. எல்லாம் வரிசையாக மனதில் வந்து நின்றன. எதையும் சொல்லவில்லை.

“போகாதே!” என்று கத்தினேன். “போகாதே! திரும்பு! இப்போதே திரும்பு!”

தெருவில் இருந்த அத்தனை பேரும் மேலே பார்த்தார்கள். முருகேசு ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டார்.

“நான் எங்கயும் போகலையே, சயாஜீ!”

போனில் இணைப்பு அறுந்திருந்தது.

திரும்ப அடித்தேன். போகவில்லை. மறுபடியும்... போகவில்லை. மழை நாளில் எங்கள் தெருவில் சிக்னல் எப்போது வரும், எப்போது போகும் என்று கணிக்க எந்தப் பலூனும் கிடையாது.

சற்று நேரத்தில் முருகேசு மூச்சிரைக்க மாடியேறி வந்தார், தண்ணீர் சொட்டச் சொட்ட. விஷயத்தைச் சொன்னேன். தன் போனில் வேறு கம்பெனி சிம் இருக்கிறது என்று அதிலும் முயன்றார். பிறகு இருவரும் உட்கார்ந்துகொண்டோம்.

“பாலைவனம்னுதானே சொன்னீங்க?” என்றார்.

“ஆமாம்.”

“வெயில் அடிக்குதுன்னுதானே மெர்சிம்மா சொல்லுச்சு?”

“ஆமாம்.”

“அப்புறம் எப்படி?”

அலமாரிக் கதவைப் பார்த்தேன். வரைபடத்தில் நான் போட்ட சிவப்பு வட்டம் இருந்தது. அதற்கு ஒரு விரல் தள்ளி, வடகிழக்கு மலையிலிருந்து கீழே இறங்கி, ஒரு சாலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, நீல நிறத்தில் ஒரு புள்ளிக்கோடும் இருந்தது. புள்ளிக்கோடு என்றால் தண்ணீர் ஓடாத ஓடை. இத்தனை வாரமாக அது அங்கேதான் இருந்தது. தண்ணீர் இல்லை என்று எழுதியிருந்ததால் நான் அதைப் பார்க்கவே இல்லை.

தெரியாமல் செய்த பிழை என்றால் ஆறுதலாக இருந்திருக்கும். எனக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மழை குறைந்த நடு மியன்மாவில் இரண்டு வருடம் இருந்திருக்கிறேன். அங்கே மணல் ஓடைகள் உண்டு. மாட்டு வண்டி அதில்தான் போகும், சந்தைகூட அதில்தான் கூடும். எங்கேயோ மலையில் பெய்த மழை, இங்கே பளிச்சென்ற வெயிலில், ஆள் உயரத்துக்கு வந்து இறங்கும். அதைப் பற்றி மேலதிகாரிக்கு ஆறு பக்க அறிக்கை எழுதியவனே நான்தான். ஆனால் அவள் கேட்டது மழை வருமா என்று. மழை வராது என்று சொன்னேன். கேட்ட கேள்விக்குச் சரியான பதில்.

முருகேசு எழுந்தார். தன் ஈர லுங்கியைப் பால்கனிக்குப் போய்ப் பிழிந்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். தரை நனைந்துவிடுமே என்று நான் கவலைப்படுவதாக நினைத்திருப்பார்.

இருபத்தைந்து நிமிடம் கழித்து அவருடைய போன்தான் அடித்தது, எடுத்து என்னிடம் நீட்டினார்.

“அப்பா, நான் பெட்ரோல் பங்க்ல இருக்கேன். பெரிய ரோட்டுல. பாப்பா ஐஸ்கிரீம் சாப்பிடறா.”

முருகேசு போனைப் பிடுங்கினார்.

“ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லிட்டு கட் பண்ணக் கூடாதா? உங்கப்பா இங்க கல்லா உக்காந்திருக்காரு. பாவம், எனக்குத்தான் பயமா போச்சு.”

போன் திரும்ப என்னிடம் வந்தது. அவள் காரைத் திருப்பி ஓரம் கட்டியதும், பின்னால் ஹாரன் அடித்தவர் தம் பெரிய வண்டியோடு உள்ளே இறங்கினாராம். பாதி தூரம்கூடப் போகவில்லை. வண்டி பக்கவாட்டில் மிதந்து, ஒரு கம்பத்தில் போய்ச் சாய்ந்துவிட்டது. ஆள் கூரைமேல் ஏறி நின்றிருக்கிறார். தீயணைப்பு வண்டி வந்து ஏணி போட்டு இறக்கினார்களாம். அதுவரை இவள் அங்கேயே நின்று பார்த்திருக்கிறாள்.

“அந்த ஆள் இறங்கற வரைக்கும் கண்ணை எடுக்க முடியலப்பா. அதான் உடனே கூப்பிட முடியல.”

“என் கணிப்பு தவறு, மெர்சி.”

“என்னப்பா தவறு? ஒரு துளிகூட விழலையே. நீங்க சொன்ன மாதிரியேதான் இருந்துச்சு.”

கேலி செய்யவில்லை. சமாதானத்துக்குத்தான் சொன்னாள். பிறகு வேறு ஒன்றையும் சொன்னாள்.

“நீங்க கத்துவீங்கன்னே எனக்குத் தெரியாதுப்பா. அம்மா போனப்பகூட நீங்க...”

முடிக்கவில்லை. “சரி, வை. பார்த்துப் போ” என்றேன். நாற்பது விநாடிக்காரனின் பழக்கம்.

முருகேசு போன பிறகு நான் வேறொரு மழையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

சென்ற ஆண்டு ஆகஸ்டில், ஒரு வியாழக்கிழமை. என் மனைவிக்கு நகர நடுவில் இருக்கும் கியாக்டடாவில் டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. பரிசோதனை முடிவு வரும் நாள். காலையிலிருந்து மழை. ஜன்னலோரம் நின்று, “இன்னிக்கு மழை விடுமாங்க?” என்று கேட்டார். நான் வெளியே பார்த்து, காற்றைப் பார்த்து, “மூன்று மணிக்கு மேல் விடும்” என்றேன். மூன்று பத்துக்கு விட்டது. அவர் குடையைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு தனியாகப் போய்வந்தார். மாலையில் அந்தக் காகிதத்தோடு அவர் படியேறி வந்தபோது, நான் முதலில் கேட்டது, “பார்த்தாயா, சொன்னபடி விட்டுவிட்டதா?”

“ஆமாங்க, விட்டுடுச்சு” என்றார்.

மழை விடுமா என்று கேட்கிற யாரும் மழையை மட்டும் கேட்பதில்லை. இது எந்த வானிலைப் பாடப்புத்தகத்திலும் இல்லை. அல்லது இருந்த பக்கத்தை நான் புரட்டவில்லை.

செவ்வாய் பகல் முழுவதும் ஒரு முடிவோடு இருந்தேன். அவள் கூப்பிட்டால் சொல்லிவிட வேண்டியது: இனி உன் ஊர் அறிவிப்பைப் பார்த்துக்கொள், அவர்களுக்கு ஓடைகள் எங்கே இருக்கின்றன என்று தெரியும், தூரத்தில் இருப்பவன் கணிக்கக் கூடாது. நாகரிகமான, மூன்று காரணங்கள் கொண்ட ஒரு ராஜினாமா. அவளே கூப்பிடாமல் விட்டுவிடுவாள் என்றும் தோன்றியது. உயிரோடு விளையாடிய ஜோசியனிடம் மறுபடி யார் போவார்கள்? அப்படி நின்றுவிட்டால், எங்களுக்குள் மிச்சமிருந்த ஒரே பேச்சும் நின்றுவிடும். அது எனக்குத் தெரிந்தே இருந்தது.

எட்டரைக்குப் போன் அடித்தது. வழக்கம்போல ஒரு நிமிடம்கூடத் தள்ளவில்லை.

“சாப்பிட்டீங்களா அப்பா?”

“சாப்பிட்டேன்.”

“அப்பா, இன்னிக்கு மழை வருமா?”

மேல்வானக் காற்றின் விவரத்தை நான் திறந்திருக்கவில்லை. ராஜினாமா வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது.

“நீ இன்றைக்கு எங்கெங்கே போகிறாய்?” என்று கேட்டேன்.

“எங்கெங்கயா?” என்றாள். நான் அவளிடம் இதற்கு முன் அப்படி ஒரு கேள்வி கேட்டதாக எனக்கு நினைவில்லை, அவளுக்கும் இருந்திருக்காது.

பிறகு சொன்னாள். முதலில் பாப்பாவை விடும் இடம், அங்கே இருக்கும் டீச்சர், அந்த டீச்சருக்குத் தெரிந்த இரண்டே தமிழ்ச் சொற்கள். வேலை செய்யும் இடத்தில் கூட இருப்பவள் ஒருத்தி, மதியம் இவளுடைய மீன் குழம்பு வாசனைக்கு முகம் சுளித்துவிட்டு, பிறகு ஒரு நாள் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது. மாப்பிள்ளைக்கு ஷிப்ட் மாறியது. சாயங்காலம் திரும்பும்போது சில நாள் காரை வாசலில் நிறுத்திவிட்டு, இறங்காமல் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பது. ஏன் என்று கேட்டேன். முன்பெல்லாம் அந்த நேரத்தில்தான் அம்மாவோடு பேசுவாளாம். எங்களுக்கு அது காலை. நான் மார்க்கெட்டுக்குப் போயிருக்கும் நேரம். நான் பக்கத்தில் இருந்து கேட்ட போனைத் தவிர, அப்படி இன்னொன்றும் தினமும் வந்தது எனக்குத் தெரியவே தெரியாது.

“அந்த நேரத்திலும் கூப்பிடு” என்றேன். “நான் மார்க்கெட்டுக்கு அப்புறம் போய்க்கொள்கிறேன்.”

“சரிப்பா” என்றாள். மூக்கை உறிஞ்சினாள். “லேட்டாயிடுச்சு, கிளம்பணும். பெரிய ரோட்டுலயே போறேன்.”

அன்று ஃபீனிக்ஸில் மழை பெய்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.